நான்கு நீர்களும் இரண்டாயிரம் வருஷமும்

பழமையில் பற்றுள்ள நமது நண்பர்கள் நம்மோடு வாதாடும்போது கடைசி ஆயுதமாக ஒன்றை எடுத்து வீசுவது வழக்கம். அதாவது, "ஒரு கொள்கை ஆயிரம், இரண்டாயிரம் வருஷமாக நிலைத்து நின்றிருக்கிறது; மகா மேதாவிகளெல்லாம் அதை ஒப்புக் கொண்டிருக்கிறார்கள்; அதில் உண்மை இல்லாவிட்டால் இத்தனை காலம் நிலைத்திருக்குமா?" என்பதாகும். இதைக் கேட்டுவிட்டால் எதிரி வாயடைத்துப் போவான் என்பது அவர்கள் எண்ணம். இதற்கு நம் நாட்டுச் சங்கதிகளைக் கொண்டு பதில் சொன்னாலோ, மதத்தைத் தாக்குகிறோம், முன்னோரை நிந்திக்கிறோம் என்று கோபித்துக் கொள்ளுகிறார்கள். ஆதலால் இந்த வாரம் நாம் நம் நாட்டு மதத்தையும் நம் முன்னோரையும் தொடாமல், மேல்நாட்டாருடைய வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்தை மாத்திரம் எடுத்துக் கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் தேடலாம் என்றிருக்கிறோம்.

கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 450 வருஷங்களுக்கு முன், சிசிலித் தீவிலிருந்த எம்பெடோக்கிளீஸ் என்ற கிரேக்க அறிஞர், உலகிலுள்ள சகல வஸ்துக்களும் மண், நீர், நெருப்பு, காற்று ஆகிய நான்கு மூலங்களின் சேர்க்கையால் ஆனவை என்று சொன்னார். இந்த நான்கு என்ற கணக்கை மனித உடம்புக்குள் கொண்டு வந்து வைத்தவர்கள் காஸ் தீவைச் சேர்ந்த ஹிப்போகிரட்டஸ் என்பவருடைய கூட்டத்தார். அவர் பெயரால் சுமார் 60 நூல்கள் வழங்குகின்றன. அவை பலர் பல காலங்களில் எழுதியவை. அவற்றுள் 'மனிதனின் இயற்கை' என்ற நூலில்தான் நான்கு தேக நீர்களின் தத்துவம் ஒழுங்காகக் காணப்படுகிறது. இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று உடம்பில் நான்கு நீர்கள் இருக்கின்றனவாம். இரத்தம் சூடும் ஈரமும் உடையது, வசந்த காலத்தில் மிகும். மஞ்சள் பித்தம் சூடும் உலர்வும் உடையது, கோடையில் மிகும். கரும்பித்தம் குளிர்ச்சியும் உலர்வும் உடையது, இலையுதிர் காலத்தில் மிகும். கோழை குளிர்ச்சியும் ஈரமும் உடையது, மாரியில் மிகும். நான்கும் சமமாக இருந்தால் ஆரோக்கியம். ஒன்று மிஞ்சினால் வியாதி. மிஞ்சியதை வெளியேற்றிவிட்டால் குணம். வெளியேற்றும் வழியோ இரத்தம் வாங்குதல், பேதி, வாந்தி ஆகிய இவைகள்.

வாதம், பித்தம், சிலேத்துமம் என்று கேட்டுப் பழகிய நமது வாசகர்களுக்கு இது தெரிந்த குரலாகவே இருக்கும். ஆனால் அது வேறு கணக்கு. அதில் எண் மூன்று. இந்த நான்கின் நேரான வாரிசு நம்மிடையே இருப்பது யுனானி வைத்தியம்தான். யுனானி என்றாலே கிரேக்கம் என்றுதான் பொருள்.

நிற்க. இந்தத் தத்துவத்தை உண்டாக்கியவர்களை நாம் பரிகாசம் செய்ய வரவில்லை. உண்மையில், அவர்கள் காலத்தை எண்ணிப் பார்த்தால் அவர்கள் நம் மாதிரி ஆசாமிகள் என்றே சொல்ல வேண்டும். காக்காய் வலிப்பு நோயை அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் 'புனித நோய்' என்று சொல்லி, இன்ன விதமாக வலித்தால் இன்ன தெய்வம் பிடித்திருக்கிறது என்று பட்டியல் போட்டு, மந்திரித்தும் பரிகாரம் செய்தும் காசு பறித்துக் கொண்டிருந்தார்கள். ஹிப்போகிரட்டஸ் கூட்டத்தார் இதே பெயரில் ஒரு நூல் எழுதி, இந்நோய் மற்ற நோய்களைவிட எள்ளளவும் தெய்வீகமானதல்ல என்றும், காரணம் தெரியாதவர்கள் தங்கள் அறியாமையை மறைத்துக் கொள்ளவே தெய்வத்தை இழுக்கிறார்கள் என்றும் பச்சையாகச் சொன்னார்கள். வேண்டுமானால் இந்த நோய் கண்ட ஆட்டின் மண்டையைப் பிளந்து பாருங்கள், மூளை நீர்கோத்து நாறுவதைக் காண்பீர்கள், அங்கே தெய்வமா இருக்கிறது என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம் கோழை. அது தவறான காரணந்தான். ஆனால் தெய்வத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளை வைத்தார்களே, அது சாமானிய காரியமல்ல.

நான்கு நீர்களையுங்கூட அவர்கள் வெறும் கற்பனையாகக் கண்டிருக்க மாட்டார்கள். இரத்தத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்து அசையாமல் வைத்தால் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி, அதன்மேல் நல்ல சிவப்பு, அதன்மேல் வெளுப்பாக ஒரு படலம், எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் என்று பிரிந்து நிற்கும். இதைக் கண்டுதான் நான்கு நீர் என்றார்கள் போலும் என்று சுவீடன் தேசத்து வைத்தியர் பாரேயஸ் என்பவர் 1921-ல் எழுதினார். நமக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகிறது. எப்படியானாலும் கரும்பித்தம் என்றொரு தனி நீர் மனித உடம்பில் கிடையாது. இல்லாத ஒரு நீரை இரண்டாயிரம் வருஷ காலம் வைத்தியர்கள் பேதி கொடுத்து வெளியேற்றிக் கொண்டிருந்தார்கள் என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் சாரம்.

அப்படியானால், தெய்வத்தை எதிர்த்துப் பிறந்த ஒரு யூகம் எப்படித் தானே ஒரு வேதமாக ஆயிற்று?

அதற்குக் காரணமாயிருந்தவர் காலன் என்பவர். (எமனுக்கு நாம் சொல்லும் பெயரே இவருக்கும் அமைந்தது தற்செயல்தான்.) கி.பி. 129-ல் பெர்கமம் நகரில் பிறந்து, கத்திச் சண்டை வீரர்களுக்கு வைத்தியம் பார்த்து, பிறகு ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸுக்கு வைத்தியரானவர். அவர் எழுதியவற்றுள் மிஞ்சியவை மட்டுமே அச்சில் இருபது பெரும் புத்தகங்களுக்குக் குறையாது. அவரும் மூடரல்ல. பன்றியின் கழுத்திலுள்ள ஒரு நரம்பை அறுத்து, உடனே அதன் குரல் நின்று போவதைச் சபையோர் முன் காட்டினவர். கண்ணால் பார்த்துத் தெரிந்து கொள்ளுங்கள் என்று ஓயாமல் சொன்னவர். ஆனால் அவர் அறுத்துப் பார்த்தவை குரங்குகளும் பன்றிகளும் ஆடுமாடுகளுமே. மனிதப் பிணத்தை அறுக்க அவர் காலத்தில் வசதியில்லை. ஆகவே ஆட்டுக்கும் மாட்டுக்கும் மூளைக்கடியில் உள்ள ஓர் இரத்தக் குழாய் வலையை மனிதனுக்கும் உண்டு என்று எழுதிவிட்டார். இருதயத்தின் நடுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டென்றார். கல்லீரலில் உண்டாகும் இரத்தம், வாய்க்கால் தண்ணீர் வயலில் சுவறிப் போவதுபோல் அங்கங்கே சுவறித் தீர்ந்து போகும் என்றார்.

அவர் நூல்கள் 9-ம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்தில் ஹுனைன் இப்னு இஷாக் என்பவரால் சிரியாக், அரபு பாஷைகளில் பெயர்க்கப்பட்டன. அரபு பாஷையில் இப்னு சீனா எழுதிய பெரிய வைத்திய நூல் 12-ம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போயிற்று. அங்கே சர்வகலாசாலைகளில் இவை பாடமாயின. பாடம் வேதமாயிற்று. 1457-ம் வருஷத்துக்கென்று ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் ஒரு பஞ்சாங்கம் அச்சாயிற்று. என்ன பஞ்சாங்கம் என்றால், எந்தெந்த நாளில் இரத்தம் வாங்கலாம், எந்தெந்த நாளில் பேதி சாப்பிடலாம் என்று சொல்லும் பஞ்சாங்கம்! அச்சு யந்திரம் என்ற புதுமை வந்தவுடன் அதன் முதல் வேலைகளில் ஒன்று இந்தப் பழமையைப் பரப்புவதாகத்தான் இருந்தது.

அக்காலத்தில் பிணம் அறுத்துப் பாடம் சொன்ன விதத்தை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். ஏனென்றால் சகல பித்தலாட்டமும் அங்கேதான் அடங்கியிருக்கிறது. பேராசிரியர் உயரமான ஆசனத்தில் உட்கார்ந்து கொண்டு புத்தகத்தை லத்தீனில் வாசிப்பார். அவர் கையில் இரத்தம் படாது. படுவது கௌரவக் குறைவு. கீழே ஒரு நாவிதர் நின்று கொண்டு பிணத்தை அறுப்பார். அவருக்கு லத்தீன் தெரியாது. இன்னொருவர் கோலைக் கொண்டு, வாசித்த உறுப்பைத் தொட்டுக் காட்டுவார். புத்தகத்தில் ஒன்றும் பிணத்தில் வேறொன்றும் இருந்தால்? படித்தவர் பார்ப்பதில்லை, பார்த்தவர் பேச முடியாது. படிப்பு ஒரு ஜாதியிடமும் பாடு மற்றொரு ஜாதியிடமும் பிரிந்து கிடக்கும் இடத்தில் ஒரு பொய் இரண்டாயிரம் வருஷம் அல்ல, பத்தாயிரம் வருஷமும் சௌக்கியமாக வாழலாம்.

அந்த ஆசனத்தை விட்டு இறங்கித் தன் கையாலேயே அறுத்தவர் வெசாலியஸ் என்ற இளைஞர். 1543-ல், தமது 28-வது வயதில், மனித உடம்பின் அமைப்பைப் பற்றிப் படங்களோடு ஒரு பெரிய நூல் வெளியிட்டார். காலனுடைய தவறுகள் 200-க்கு மேல் அதில் எடுத்துக் காட்டப்பட்டன. முன்பெல்லாம் அந்த இரத்தக் குழாய் வலையை மாணவர்களுக்குக் காட்டுவதற்காகத் தாமே ஓர் ஆட்டுத் தலையைக் கொண்டுவந்து வைத்துக் கொள்வதுண்டு என்றும் அவர் எழுதினார். மனிதனிடத்தில் இல்லாததை ஆட்டிடமிருந்து கடன் வாங்கிக் காட்டியாவது புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றால் புத்தகத்தின் அதிகாரம் எவ்வளவு என்று பார்த்துக் கொள்ளுங்கள். பாரிஸில் அவருக்கு ஆசிரியராயிருந்த சில்வியஸ் என்பவர் இந்த நூலைக் கண்டு கொதித்து எழுந்தார். காலன் தவறவில்லை, காலன் காலத்துக்குப் பின் மனித உடம்புதான் மாறிப் போய்விட்டது என்று வாதாடினார். வேதம் சரி, உலகந்தான் கெட்டுப் போயிற்று என்ற இந்த வாதத்தை நாம் வேறு எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறது.

லண்டனில் 1559-ல் ஜான் கெய்ன்ஸ் என்ற வைத்தியர், காலன் சில இடங்களில் தவறியிருக்கிறார் என்று சொன்னார். வைத்தியர் சங்கத்தார் அவரைக் கூப்பிட்டு விசாரித்து, தாம் சொன்னது பிசகு என்று எழுதிக் கையெழுத்துப் போட வைத்த பிறகே சங்கத்தில் சேர்த்துக் கொண்டார்கள். இவர்கள் பாதிரிகள் அல்ல, வைத்தியர்கள் என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

1628-ல் ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர் ஒரு சின்னக் கணக்குப் போட்டார். இருதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு சொற்பமாக இரத்தத்தைத் தள்ளுகிறதென்று வைத்துக் கொண்டாலும், அரைமணி நேரத்தில் அது ஆயிரத்துக்கு மேல் துடிக்கிறது. பெருக்கிப் பார்த்தால் உடம்பு முழுவதிலும் உள்ள இரத்தத்தைவிட அது அதிகமாகிறது. இவ்வளவையும் கல்லீரல் புதிது புதிதாக உண்டாக்க முடியுமா? ஆகவே ஒரே இரத்தந்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று ரூபித்தார். வாய்க்காலும் வயலும் போயின. நான்கு நீர்த் தத்துவத்தின் அடித்தளம் அன்றே இடிந்து விட்டது.

ஆனால் நடந்தது என்ன? ஹார்வியே கடைசிவரையில் இரத்தம் வாங்குவதை ஆதரித்து வந்தார்! காரணம் செத்துப் போயிற்று, சடங்கு சாகவில்லை. 1685-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்கு வலிப்புக் கண்டது. உடனே கையில் 16 அவுன்ஸ் இரத்தம் வாங்கினார்கள்; பிறகு தோளில் குப்பி வைத்து இன்னும் 8 அவுன்ஸ்; அதன்மேல் வாந்திக்கும் பேதிக்கும் மருந்து; தலையைச் சிரைத்துக் கொப்புளம் எழுப்ப மருந்து. 6-ந் தேதி ராஜா இறந்தார். ராஜாவானதால் வைத்தியர் பலர், ஆதலால் வைத்தியமும் பல. ஏழையாயிருந்தால் ஒரு வேளை பிழைத்திருப்பாரோ என்னவோ, சொல்ல முடியாது.

இதைவிட வருந்தத்தக்கது பிலடெல்பியா நகரத்துக் கதை. 1793-ல் அமெரிக்காவின் அந்த நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவி, சுமார் 50,000 ஜனங்களில் ஏறக்குறைய 5,000 பேர் மாண்டார்கள். பணக்காரர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். பெஞ்சமின் ரஷ் என்ற பெரிய வைத்தியர் ஓடவில்லை. அவர் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்; அடிமை வியாபாரத்தைக் கண்டித்தவர்; அந்த நாட்களில் இரவு பகலாக ஏழைகள் வீட்டுக்கெல்லாம் போனவர்; தமக்குக் காய்ச்சல் கண்டபோது தமக்கும் இரத்தம் வாங்கச் செய்துகொண்டவர். அதாவது முழு யோக்கியர். ஆனால் மனித உடம்பில் உண்மையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இரத்தம் இருப்பதாக அவர் நம்பிக் கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையின் மேல் கத்தியைப் பிடித்தார். நான்கு நீர் என்ற பழைய பேச்சு அவரிடம் இல்லை. இரத்தக் குழாய்களின் முறுக்கே எல்லாக் காய்ச்சலுக்கும் காரணம் என்று புதுத் தத்துவம் சொன்னார். தத்துவம் மாறியும் கத்தி மாறவில்லை. எத்தனை பேரை அவருடைய நல்லெண்ணம் கொன்றது என்பதை இன்று எண்ணிச் சொல்ல வழியில்லை.

அன்றைக்கே எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் வைத்தியரல்ல, வில்லியம் காபெட் என்ற பத்திரிகைக்காரர். நகரத்தின் மரணக் கணக்கை எடுத்துப் பார்த்து, ரஷ்ஷின் முறை பரவப் பரவச் சாவும் ஏறியிருக்கிறதே என்று தமக்கே உரிய முரட்டுப் பாஷையில் எழுதினார். ரஷ் மானநஷ்ட வழக்குப் போட்டார். காபெட் 5,000 டாலர் கொடுக்க வேண்டுமென்று 1799-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி தீர்ப்பாயிற்று. அதே 14-ந் தேதி, அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாயிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயால் படுத்திருந்தார். முதலில் தாமே பண்ணைக் காரியஸ்தரை அழைத்து இரத்தம் வாங்கச் சொன்னார். பிறகு வைத்தியர்கள் வந்து மேன்மேலும் வாங்கினார்கள். மொத்தம் சுமார் 80 அவுன்ஸ். அதாவது உடம்பிலுள்ள இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. அங்கிருந்த மூன்று வைத்தியர்களில் வயதில் இளையவராகிய டிக் என்பவர், இனி வேண்டாம், அவர் தாங்கமாட்டார் என்றார். மூத்தவர்கள் கேட்கவில்லை. அன்றிரவே வாஷிங்டன் இறந்தார். கணக்குக் கேட்டவனுக்கு அபராதம் விதித்த அதே நாளில், கணக்குப் பாராத வைத்தியத்தின் கையில் தேசத்தின் முதல் மனிதர் மாண்டார்.

"இரத்தம் வாங்கிப் பிழைத்தவர்களும் எத்தனையோ பேர் உண்டே" என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்டு. பெரும்பாலான வியாதிகள் ஒன்றும் செய்யாமல் விட்டாலே குணமாகும். பிழைத்தால் வைத்தியத்தின் மகிமை, செத்தால் விதி என்று இருக்கும்வரையில் எந்த வைத்தியமும் தோற்காது. பாரிஸில் பியேர் லூயி என்ற வைத்தியர் இந்தத் தந்திரத்தை உடைத்தார். நுரையீரல் காய்ச்சல் கண்ட 77 பேரைக் கணக்கெடுத்தார். நோய் கண்ட முதல் நான்கு நாட்களுக்குள் இரத்தம் வாங்கப்பட்டவர்கள் 41 பேர். அவர்களில் 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வாங்கப்பட்டவர்கள் 36 பேர். அவர்களில் 9 பேர் இறந்தார்கள். சீக்கிரம் வாங்கினால் சீக்கிரம் குணம் என்ற பேச்சு எங்கே போயிற்று? 1835-ல் அவர் இதை நூலாக வெளியிட்டார். எண்ணிக்கை சிறியது, இரு கூட்டத்தாரும் எல்லா விதத்திலும் சமமானவர்களும் அல்ல, லூயியும் மிகவும் ஜாக்கிரதையாகவே பேசினார். இரத்தமே வாங்காமல் விடப்பட்ட ஒரு கூட்டம் அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அப்படி ஒருவரை விட்டு வைப்பது அன்று பெரும்பாலோருக்குத் தோன்றாத காரியம். அந்த நாட்களில் பிரான்சு தேசம் ஒரே வருஷத்தில் 4 கோடிக்கு மேல் அட்டைகளை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்தது.

இதற்குப் பிறகு 1858-ல் பிர்கோ என்ற ஜெர்மன் வைத்தியர் வியாதியின் இருப்பிடம் உடம்பின் நுண்ணிய உயிரணுக்களே என்று காட்டினார். 1882-ல் காக் என்பவர் காச நோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அப்படியும், 1892-ல் வெளிவந்த ஆஸ்லர் என்ற புகழ்பெற்ற வைத்தியரின் பாடப் புத்தகத்தில், நல்ல உடற்கட்டுள்ளவனுக்கு நுரையீரல் காய்ச்சல் கண்டால் ஆரம்பத்தில் இரத்தம் வாங்கலாம் என்றே இருந்தது. இன்றும் இரும்புச் சத்து உடம்பில் மிஞ்சிச் சேரும் ஒரு பரம்பரை வியாதிக்கும், சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகும் ஒரு வியாதிக்கும் இரத்தம் எடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பரீட்சை செய்து, அளவு பார்த்து, அளவு சரியானதும் நிறுத்தி விடுகிறார்கள். சந்திரன் எந்த ராசியில் இருக்கிறான் என்று பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னது உடம்புக்கு விளைந்த கேடு. இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. நான்கு நீர்களிலிருந்து நான்கு வகை மனிதர்களை உற்பத்தி செய்தார்கள். இரத்தம் மிகுந்தவன் உற்சாகி, மஞ்சள் பித்தக்காரன் கோபி, கரும்பித்தக்காரன் துயரத்தில் ஆழ்ந்தவன், கோழைக்காரன் மந்தன். குணம் பிறவியிலேயே நீரில் எழுதப்பட்டிருக்கிறதாம். பெண்கள் ஆண்களைவிடக் குளிர்ந்தவர்கள், ஆதலால் பூரணமடையாதவர்கள் என்று காலன் எழுதினார். 1575-ல் ஸ்பெயின் தேசத்து வைத்தியர் உவார்த்தே என்பவர், பெண்ணின் உடம்பு குளிர்ச்சியும் ஈரமும் உடையதாகையால் அவளுக்கு ஆழ்ந்த கல்வி ஏறாது என்று நூல் செய்தார். அது பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டுப் பரவிற்று. பெண்ணைப் படிக்க விடாமல் அடைத்து வைத்துவிட்டு, அவள் படிக்காததற்குக் காரணம் ஈரம் என்றார்கள்! நான்கு என்ற எண்ணைக் கேட்டதும் நமது வாசகர்களுக்கு வேறொரு நான்கு ஞாபகத்துக்கு வரலாம். அதைத் தொடுவதில்லை என்று முதலிலேயே வாக்குக் கொடுத்து விட்டபடியால் நாம் அதைத் தொடவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. இரத்தம் சுற்றி வருகிறதென்று ஹார்வி ரூபித்து 130 வருஷங்கள் கழித்து, 1758-ல், செடிகொடிகளுக்கும் பிராணிகளுக்கும் பெயர் வைத்துப் பிரசித்தி பெற்ற லின்னேயஸ் என்ற சுவீடன் தேசத்துப் பண்டிதர், தமது நூலின் பத்தாம் பதிப்பில் மனித ஜாதியையும் நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நீரைப் பங்கிட்டுக் கொடுத்தார். ஐரோப்பியன் வெள்ளையன், இரத்தம் மிகுந்தவன், புதியன கண்டுபிடிப்பவன், சட்டத்தால் ஆளப்படுகிறவன். அமெரிக்கப் பழங்குடியினன் செந்நிறத்தவன், பித்தக் கோபி, வழக்கத்தால் ஆளப்படுகிறவன். ஆப்பிரிக்கன் கறுப்பன், கோழைக்காரன், சோம்பேறி, மனம் போன போக்கால் ஆளப்படுகிறவன். ஆசியாக்காரனோ மஞ்சள் நிறத்தவன், கரும்பித்தக்காரன், கர்வி, பேராசைக்காரன், வெறும் அபிப்பிராயத்தால் ஆளப்படுகிறவன். மனித உடம்பில் எங்கும் இல்லாத அந்தக் கரும்பித்தம் கடைசியில் நம் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

நீண்ட காலம் நிலைத்ததும், மேதாவிகள் ஒப்புக் கொண்டதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் நமது நண்பர்கள் எல்லோரும் ஆசியாக் கண்டத்தில் பிறந்தவர்களே. இரண்டாயிரம் வருஷ காலம் நிலைத்த ஒரு தத்துவத்தின்படி, ஒரு மகா மேதாவி அவர்களைக் கரும்பித்தக்காரர் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அந்தப் பட்டியலைத் தாங்கள் ஒப்புக் கொள்ளுகிறார்களா, இல்லையா என்பதையும், இல்லையென்றால் எந்த நியாயத்தின் மேல் என்பதையும் எழுதி அனுப்பினால் ஓர் எழுத்தும் மாற்றாமல் அடுத்த வாரமே பிரசுரிக்கக் காத்திருக்கிறோம்.